லேப்டாப் எங்கள் வீட்டில், சாவி திருப்பூரில்: வீட்டு லேப்டாப் வாங்கிய அனுபவங்கள்

திண்டுக்கல்காரன்

முப்பத்தெட்டாயிரம், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. வீட்டில் இப்படி முடிவு செய்துவிட்டுத்தான் 2025 மே மாதம் கடைக்குப் போனோம். மகள் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். பொறியியல் கலந்தாய்வு 2018-லேயே ஆன்லைனுக்குப் போய்விட்டது. அண்ணன் மகன் போன் திரையில் கல்லூரி வரிசையைப் போட்டுவிட்டு, எது மேலே எது கீழே என்று தெரியாமல் விழித்ததைப் பார்த்திருக்கிறோம். அதோடு மனைவிக்கு மகளிர் குழுக் கணக்கு, பையனுக்கு எட்டாம் வகுப்பு. ஆக, ஒரு மிஷின், நாலு பேர்.

கடையில் முதலில் எடுத்து வைத்தது இருபத்தைந்தாயிரத்துக்கு ஒன்று. பார்க்க அழகு, தூக்க லேசு. 4 ஜிபி ராம் (வேலை செய்யும்போது பயன்படும் நினைவகம்), 64 ஜிபி இஎம்எம்சி. இந்த இஎம்எம்சி, விலை குறைந்த செல்போன்களுக்குள் இருக்கும் சேமிப்புச் சில்லு வகை. போர்டோடு ஒட்டியிருக்கும், பின்னால் மாற்ற வழியில்லை. விண்டோஸ் 11 ஓடக் குறைந்தபட்சத் தேவை என்று மைக்ரோசாஃப்ட் சொல்வதே 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும்தான். விண்டோஸ் வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டால் நமக்குத் திண்ணைதான். வேண்டாம் என்றேன்.

அடுத்தது, "ஏழாயிரம் சீரிஸ்ணே, புதுசு" என்று வந்தது. உள்ளே இருந்த பிராசஸர், அதாவது மிஷினின் மூளையான சில்லு, ரைசன் 5 7520யூ. இதில் நான் கொஞ்சம் படித்துவிட்டுப் போயிருந்தேன். அந்த வரிசையில் முதல் எண்ணைப் பார்க்கக் கூடாது, மூன்றாவதைப் பார்க்க வேண்டும். அங்கே 2 என்றால் உள்ளே இருப்பது ஜென் 2, அதாவது 2019-ல் வந்த வடிவமைப்பு. புதுச் சட்டைக்குள் பழைய ஆள். வேலை செய்யாது என்றில்லை, எங்கள் வீட்டுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அந்தச் சில்லோடு வரும் ராமும் போர்டில் ஒட்டியே வரும். இன்று 8 என்றால் என்றைக்கும் 8.

கடைசியில் இன்டெல் பிராசஸரில் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு வட்டு), இன்னொரு ராம் போட ஒரு ஸ்லாட் காலி. ஜிஎஸ்டி உட்பட 36,990. மீதி இருந்த ஆயிரத்துக்கு மவுஸும் பையும்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அதற்கப்புறம்தான் டீ குடிக்கப் போனேன்.

"அரை மணி நேரத்துல ரெடி பண்ணி வைக்கிறேண்ணே, நீங்க டீ சாப்ட்டு வாங்க" என்றான் கடைத் தம்பி. திரும்பி வந்தபோது எல்லாம் தயார். திரையில் என் மகள் பெயர், பக்கத்தில் ஒரு பூப்படம். அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஏதோ அப்டேட் வந்தது. பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் மிஷினை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள்) என்று போட்டிருந்ததாக மகள் சொன்னாள். அணைந்து எழுந்ததும் நீலத் திரை. பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் வட்டுப் பூட்டு, அதன் மீட்புச் சாவியைப் போடு என்றது. 48 இலக்கம். பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கக்கூட இடமில்லை. திங்கட்கிழமை அவள் கல்லூரியில் ஒரு அசைன்மென்ட் கொடுக்க வேண்டும், அது உள்ளே மாட்டிக்கொண்டது.

அன்றிரவு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது இது. விண்டோஸ் 11 ஹோம் முதல்முறை எழும்போது ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். கணக்கைக் கொடுத்தால், பல புது லேப்டாப்களில் கேட்காமலேயே வட்டை மறைகுறியாக்கிப் பூட்டிவிடும். திருடனிடம் போனால் தகவல் போகாது என்பதற்காக, நல்ல விஷயம்தான். பூட்டின் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். எங்கள் மிஷினில் கணக்கு யாருடையது? கடைத் தம்பியுடையது. மகளின் பெயர் வெறும் பெயர்தான், பின்னாலிருந்த மெயில் அவனுடையது.

காலையில் கடைக்கு ஓடினால், தம்பி வேலையை விட்டுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்றார்கள். நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். நல்ல பையன். "அய்யய்யோ, இருங்கண்ணே" என்று தன் போனில் கணக்கைத் திறந்தான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணே, இதுல முப்பதுக்கு மேல லேப்டாப் இருக்கு" என்றான்.

அவன் செட்டப் செய்துகொடுத்த வீடுகளின் சாவி எல்லாம் ஒரே கொத்தாக அவன் சட்டைப் பையில்! நீலத் திரையில் சாவியின் அடையாள எண் ஒன்று இருக்கும். அதன் முதல் எட்டு எழுத்தை நான் வாசிக்க, அவன் பட்டியலில் தேடிப் பிடித்தான். பிறகு ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தடவை அவன் சொல்ல, மகள் அடித்தாள். பின்னால் தையல் மிஷின் சத்தம். "ஏழா, ஏழரையா?" என்று என் மனைவி குறுக்கே கேட்டாள். எட்டாவது குழு முடிந்து என்டர் தட்டியதும் திறந்துகொண்டது.

அன்றே மனைவியின் மெயிலில் ஒரு கணக்கு தொடங்கி அவளை நிர்வாகியாக்கினேன். பிள்ளைகளுக்கும் எனக்கும் சாதாரணக் கணக்கு. தம்பியின் கணக்கை எடுத்தேன். மறைகுறியாக்கத்தை அணைத்து, வட்டு முழுக்கப் பூட்டவிழ்ந்து முடியும்வரை காத்திருந்து, மறுபடி போட்டேன். அப்போதுதான் பழைய சாவி செல்லாமல் போகும். புதுச் சாவியைப் பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டு கவருக்குள் வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் திறந்து, யாருடைய மெயில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ரிச்சி தெரு பழைய கை

அண்ணே, நானும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவன். திட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள். வாங்க வருபவரிடம் மெயில் கேட்டால், "பையன் போட்டுக் கொடுத்தது, பாஸ்வேர்டு தெரியாது" என்பார். ஓடிபி வர வேண்டிய சிம் வீட்டில் இருக்கும். பின்னால் நாலு பேர் நிற்பார்கள். கையில் இருக்கிற கணக்கைப் போட்டு அனுப்பிவிடுவோம். தப்புதான். ஆனால் கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை.

செகண்ட் ஹேண்ட் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். கம்பெனிகள் கழித்துவிடும் லேப்டாப்கள் இங்கே, சென்னை ரிச்சி தெருக் கடைகளுக்கு, மூட்டையாக வரும். பட்ஜெட் இருபதாயிரம் என்றால், புதிதாக ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்குவதைவிட இவை மேல் என்பது என் கட்சி. உடம்பு கெட்டி, கீபோர்டு ராஜா. ஆனால் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே தொடாதீர்கள். விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஆறாம், ஏழாம் தலைமுறை மிஷின்கள் சல்லிசாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு ஓட்டுவேன் என்பவர் தாராளமாக வாங்கலாம்.

வாங்குமுன் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அதற்குக் கட்டளை உண்டு. பேட்டரி பிறந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண் வரும். பாதிக்குக் கீழே இருந்தால் பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். அப்புறம் அணைத்துப் போட்டு பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பழைய கம்பெனி போட்ட பூட்டாக இருக்கும், அதைத் திறக்கிற பாடு சாமானியமல்ல.

கணக்கு வாத்தியார்

அந்த 48 இலக்கத்தில் ஒரு வேடிக்கை. ஒவ்வொரு ஆறு இலக்கக் குழுவும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். தப்பாக அடித்தால் கண்டுபிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு. திருப்பூரிலிருந்து தம்பி வாசிக்கும்போது நான் பக்கத்தில் இருந்திருந்தால் வகுத்துப் பார்த்துச் சொல்லியிருப்பேன். இருக்காமல் போனதே நல்லது என்கிறாள் என் மனைவி.

டீச்சரம்மா

எங்கள் கதை வேறு. வாங்கிய மூன்றாம் நாள் சின்னவள், "அம்மா, லேப்டாப் சுர்ர்ருனு கடிக்குது" என்றாள். மேல்மூடி அலுமினியம். சார்ஜரில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி. மிஷின் கோளாறு என்று கடையில் சண்டைக்கே போய்விட்டேன். அவர்கள் அங்கே போட்டுக் காட்டினார்கள், ஒன்றுமே இல்லை!

அப்புறம் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். மூன்று முள் பிளக்கை நான் இரண்டு முள் அடாப்டரில் செருகி, அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டிருந்தேன். எர்த் முள்ளுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. சுவரில் இருந்த பாயின்டிலும் எர்த் ஒயர் கழன்றிருந்தது. அதைச் சரிசெய்து நேராகச் செருகியதும் சுர்ர் நின்றது. ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் இல்லை என்றார். இருந்தாலும் எர்த் இல்லாத வீட்டில் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோமே! கடைக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன், சிரித்துவிட்டார்கள்.

புதுசு

512 ஜிபி என்று வாங்கினேன், 476 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ரிச்சி தெரு பழைய கை

இல்லை தம்பி. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அரிசி அதேதான், அளக்கிற படிதான் வேறு.

யாழ்ப்பாணத்து மருமகன்

மாமாவுக்கென்று ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தோம். கோயில் கும்பாபிஷேக மலருக்கெல்லாம் அவர்தான் தட்டச்சு. பழைய கணினியிலிருந்த கோப்புகளைப் புதியதில் திறந்தால் ஒரு சொல்லும் தமிழில்லை. அம்மா இருந்த இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச். மனுஷன் முகம் வாடிப்போச்சு. இருபது வருஷத்து எழுத்தை நான் அழித்துப்போட்டேன் என்றே நினைத்துவிட்டார்.

அழியவில்லை. எல்லாம் பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திய காலத்துப் பழக்கம். எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி உள்ளிருப்பது தெரிகிறது, அவ்வளவுதான். பாமினியை நிறுவியதும் எல்லாம் திரும்பி வந்தது. பிறகு எழுத்துரு மாற்றியில் போட்டு ஒவ்வொன்றாக, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக்கினோம், அதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.

அவரைத் தமிழ்99 விசைப்பலகைக்கு மாற்றப் பார்த்தேன். இப்போது விண்டோஸிலேயே அது இருக்கிறது, அ ம ம ஆ என்று அடித்தால் புள்ளி தானே விழுந்து அம்மா வந்துவிடும் என்று செய்தும் காட்டினேன். "அது உங்களுக்கு, தம்பி" என்றார். அவர் விரல் பாமினியில் ஊறிய விரல். என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவிப் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்து கொடுத்தேன். விரல் பழையபடி ஓடுகிறது, திரையில் விழுவது யூனிகோட். இப்போது பேரப்பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் தமிழிலேயே புத்திமதி அனுப்புகிறார். அது எங்களுக்குக் கிடைத்த தண்டனை.

திண்டுக்கல்காரன்

எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மா சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுப் பாயின்டைத் திறந்து பார்த்தேன், எர்த் ஒயரே இழுக்கவில்லை. எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

பழைய கை சொன்னதும் சரி. அந்தத் தம்பியை நான் எங்கும் திட்டவில்லை. அவனே போன வாரம் கூப்பிட்டான். மற்றவர்களுக்கும் சொல்லிவிடலாம் என்று பார்த்தால், பட்டியலில் டெஸ்க்டாப் என்று போட்டு ஏதோ சில எழுத்தும் எண்ணும்தான் இருக்கின்றனவாம், எது யார் வீட்டு மிஷின் என்று தெரியவில்லையாம். "கடை பில் புக்கோட சேர்த்துப் பார்த்தா கண்டுபிடிக்கலாமாண்ணே?" என்று கேட்டான். சனிக்கிழமை ஊருக்கு வருகிறான், இரண்டு பேருமாகக் கடைக்குப் போவதாக இருக்கிறோம்.