பொட்டாசியம் மின்வாய்: 48 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை, உதவுங்கள்

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். செம்பனைக்குப் போடும் உரத்திலிருந்து வாய்க்காலுக்கு எவ்வளவு பொட்டாசியம் போகிறது என்று பார்க்க, வேலினோமைசின் (பொட்டாசியம் அயனியைத் தேர்ந்து பிடிக்கும் மூலக்கூறு) கலந்த சவ்வு மின்வாய் ஒன்று செய்திருக்கிறேன். பிவிசி பிளாஸ்டிக், அதை மென்மையாக்கும் டிஓஎஸ் பிளாஸ்டிசைசர், இரண்டையும் டிஎச்எஃப் என்ற கரைப்பானில் கரைத்து உலரவிட்ட சவ்வு. உள்ளே 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு, ஊறவைத்ததும் அதிலேயே. ரெஃபரன்ஸ் (ஒப்பிடும் மின்வாய்) சாதாரண சில்வர் குளோரைடு. மல்டிமீட்டரில் செறிவு பத்து மடங்குக்கு 48 மில்லிவோல்ட்தான் மாறுகிறது. 10⁻⁴ மோலாருக்குக் கீழே கோடு அப்படியே படுத்துவிடுகிறது. வேலினோமைசினைக் கூட்டலாமா? அதன் விலையை நினைத்தால்தான் பயம்.

பதில் 1:
தம்பி, காசை வீணாக்காதீங்க. இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். 25 டிகிரியில் சாய்வு (செறிவு பத்து மடங்குக்கு மாறும் மில்லிவோல்ட்) 59.2தான், வேலினோமைசினைக் கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. சவ்வின் தடை மெகாஓம் கணக்கு. மல்டிமீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம். மின்னழுத்தத்தில் ஒரு பங்கை மீட்டரே தின்றுவிடுகிறது. பி.எச். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்க.
அடுத்தது, ரெஃபரன்ஸுக்குள் என்ன இருக்கிறது? அடர்ந்த பொட்டாசியம் குளோரைடு! நீங்க தேடுவதையே அது சொட்டுச்சொட்டாக மாதிரிக்குள் விடுகிறது. இரட்டைச் சந்தி ரெஃபரன்ஸ் (உள், வெளி என இரண்டு அறை உள்ளது) வாங்கி, வெளி அறையில் லித்தியம் அசிட்டேட் ஊற்றுங்க.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, பள்ளி லேப் பி.எச். மீட்டரில் 57 வந்துவிட்டது! ரெஃபரன்ஸும் மாற்றியாச்சு. கோடு படுக்கும் இடம் இன்னும் குறைந்த செறிவுக்கு இறங்கியிருக்கிறது, ஆனால் 10⁻⁵ மோலார் பக்கத்தில் மறுபடி தட்டை.

பதில் 2:
மிச்சமிருக்கும் கோளாறு உள்கரைசல், அதாவது மின்வாய்க்குள் ஊற்றிய கரைசல். 0.1 மோலார் ரொம்ப அதிகம். சவ்வு வழியாகப் பொட்டாசியம் வெளியே கசியும். 10⁻³ மோலாருக்கு இறக்குங்கள். உள்ளே இருக்கும் கம்பிக்குக் குளோரைடு வேண்டும், அதைச் சோடியம் குளோரைடாகக் கொடுங்கள். கடைசியாக ஊறவைப்பதும் நீர்த்த கரைசலில். 1997இல் வேதியியலாளர் பிரெட்ஷின் குழுவினர் ஈய மின்வாயின் உள்கரைசலில் ஈய அயனியை ஈடிடிஏவால் (உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) கட்டிவைத்தே பிக்கோமோலார் (10⁻¹² மோலார்) அளவு வரை அளந்தார்கள். ஆனால் அளவுக்கு மீறி இறக்கினால் சவ்வு மாதிரியிலிருந்தே பொட்டாசியத்தை உறிஞ்சும், சாய்வு 59ஐத் தாண்டிப் பொய் சொல்லும்.

பதில் 3:
பக்கத்தில் ரப்பர் பால் ஸ்டோர் இருக்கிறதா? பால் கட்டாமலிருக்க அம்மோனியா ஊற்றுவார்கள். வேலினோமைசினுக்கு அம்மோனியமும் கொஞ்சம் பொட்டாசியம் மாதிரிதான். லித்தியம் ஹைட்ராக்சைடு விட்டு மாதிரியின் பி.எச்.ஐ 11 ஆக்கினால் அது அம்மோனியாவாக மாறிவிடும், சவ்வு கண்டுகொள்ளாது. ஒப்பிட்டுப் பார்க்கும், செறிவு தெரிந்த கரைசல்களிலும் லித்தியம் ஹைட்ராக்சைடையே விடுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பாட்டிலை மட்டும் எடுத்துவிடாதீர்கள்!