பாத்ரூம் நாற்றம்: புதுப்பிப்பு

போன மாதம் புலம்பியிருந்தேனே, காலையில் கதவைத் திறந்தாலே சாக்கடை வாடை என்று? காரணம் கிடைத்துவிட்டது. ஆசிட், நாப்தலீன் உருண்டை என்று நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தும் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

வந்த பிளம்பர் தரையில் தண்ணீர் போகும் துளையின் ஜாலியை (ஓட்டைத் தட்டை) கழற்றி, டார்ச் அடித்துச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். மாடி வீட்டில் ஃப்ளஷ் செய்தார்கள். எங்கள் ட்ராப்பில் (அந்தத் துளைக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் பகுதி) 'களக் களக்' என்று சத்தம். நின்ற தண்ணீர் கண்ணெதிரே கீழே இறங்கியது! நாற்றத்தைத் தடுப்பதே அந்த 50 மி.மீ. தண்ணீர்தான். அது போனால் சாக்கடைக் காற்று நேராக உள்ளே வந்துவிடும்.

எங்கள் கட்டடத்தில் கழிவறைக்கும் குளியலறைக்கும் ஒரே செங்குத்துக் குழாய். மொட்டை மாடியில் அதன் வாயை, தளம் போட்டபோது யாரோ சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள் (மழைத்தண்ணீர் போகுமாம்!). மேலிருந்து காற்று வர வழியில்லாததால், இறங்கும் தண்ணீர் எங்கள் ட்ராப்பை உறிஞ்சியிருக்கிறது.

சிமென்ட்டை உடைத்து, காற்றுப் போகும் துளையுள்ள மூடி மாட்டியாயிற்று. அப்புறம் வாஷ்பேசின் ஹோஸைச் சுற்றியிருந்த இடைவெளிக்கு ஒரு ரப்பர் வளையம். பத்து நாளாக வாடை இல்லை. ஊருக்குப் போகும்போது மட்டும், தண்ணீர் வற்றிவிடாமல் இருக்க, ட்ராப்பில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறேன்.