ஆர்பிட்ல ஆளுங்க எதுக்கு, மெஷின் போதாதா?

கணக்கப்பிள்ளை: ஆளுங்க தங்கற சர்வதேச விண்வெளி நிலையம் ஐஎஸ்எஸ்-க்கு நாசா மட்டும் வருஷத்துக்கு சுமார் 300 கோடி டாலர் செலவு பண்ணுது. மேல இருக்கறவங்க தினம் 2 மணி நேரம் எக்சர்சைஸ் பண்ணணும் இல்லன்னா எலும்பு தேயும், மூத்திரத்தையே சுத்தம் பண்ணிக் குடிக்கணும், ஆளை உயிரோட வச்சுக்கறதுக்கே இவ்ளோ பாடு. 1977ல போன வாயேஜர் விண்கலம் ஆளே இல்லாம ஓடிட்டு இருக்கு.

மொட்டைமாடி: பாஸ், சல்யூட் 7 கதை தெரியுமா? 1985 பிப்ரவரில சோவியத்தோட அந்த விண்வெளி ஸ்டேஷன் சுத்தமா செத்துப்போச்சு, அப்ப உள்ள ஆள் இல்ல, கரன்ட் இல்ல, சிக்னல் இல்ல. ஜூன்ல விண்வெளி வீரருங்க ஜானிபெகோவும் சவினிக்கும் சோயுஸ் விண்கலத்துல போய், எந்த உதவியும் பண்ணாத அந்த டப்பாவோட கையாலயே ஓட்டி டாக் பண்ணாங்க, அதாவது கலத்த அதோட இணைச்சாங்க. உள்ள போனா சுவரெல்லாம் பனி, தண்ணி ஐஸ் ஆகிக் கிடக்கு. கம்பளித் தொப்பி மாட்டிக்கிட்டு சோலார் பேனல் ஒயரை நேரா பேட்டரில இணைச்சு, சோயுஸ் இன்ஜின வச்சே ஸ்டேஷன வெயிலுக்குத் திருப்பி உயிர் குடுத்தாங்க. ஒரு சென்சார் போனதுதான் காரணமாம்! எந்த ரோபோ இத பண்ணும்?

கணக்கப்பிள்ளை: கதை செம. ஆனா அது ஆளுங்க தங்கறதுக்குக் கட்டின வீடு, ஆளே போகலன்னா அந்த ரிப்பேரே கிடையாதே.

தயிர்சாதம்: அப்போ ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப்? அதுல யாரும் குடியிருக்கல. கண்ணாடிய தப்பா தேய்ச்சு மங்கலா தெரிஞ்சத 1993ல 5 ஸ்பேஸ்வாக் பண்ணி சரி பண்ணது ஆளுங்கதான்.

கணக்கப்பிள்ளை: ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் 15 லட்சம் கிமீ தள்ளி இருக்கு, யாரும் போய் தொட முடியாது, நல்லாதான் வேலை செய்யுது.

மொட்டைமாடி: எனக்கு லாப நஷ்டம் வேணாம் சாமி. 2003ல நாசாவோட கொலம்பியா ஷட்டில் விண்கலம் உடைஞ்சு 7 பேர் செத்தாங்க, ஷட்டில் பயணமே நின்னு போச்சு, அப்பகூட ஐஎஸ்எஸ்ஸ பூட்டாம ரெண்டு ரெண்டு பேரா அனுப்பி ஓட்டினாங்க. 2000 நவம்பர் 2ல இருந்து ஒரு நாள்கூட காலியா இல்ல. சாயங்காலம் அது தலைக்கு மேல போகும்போது உள்ள யாரோ ஸ்க்ரூ முடுக்கிட்டு இருப்பாங்கன்னு நினைச்சாலே எனக்கு இன்னும் புல்லரிக்குது.

கணக்கப்பிள்ளை: புல்லரிக்கட்டும். அதையே கடல்ல இறக்கறதுக்கு ஸ்பேஸ்எக்ஸுக்கு 84 கோடி டாலர் வரைக்கும் ஒப்பந்தம் போட்டாச்சு. அப்புறம் எங்க பார்ப்பீங்க?

தயிர்சாதம்: சீனாக்காரன் அவனோட தியான்கோங் ஸ்டேஷன்ல 2022 ஜூன்ல இருந்து ஆள் மாத்தி ஆள் இருந்துட்டேதான் இருக்கான், அதுக்கும் பில் போடுங்க 😄