வியன்னாவில் ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எங்கே உட்கார்ந்து கேக் சாப்பிடுவது?

கேள்வி – நெடுவழி

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் நடுவில் ஒரு வியாழக்கிழமை முழுவதும் நானும் அம்மாவும் வியன்னாவில் இருப்போம். முதல் நாள் இரவு வந்து சேர்ந்து, வெள்ளி காலை ரயிலில் புடாபெஸ்ட் செல்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. சமதளத்தில் நிதானமாக நடப்பார். படி ஏறுவதுதான் சிரமம். இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டார், கேக்கில் முட்டை சேர்வதில் ஆட்சேபம் இல்லை. அரண்மனை, ஓவியம் இரண்டிலும் அவருக்கு ஆர்வம் உண்டு. எல்லாவற்றையும்விட, பழைய காபி இல்லம் ஒன்றில் உட்கார்ந்து அந்த ஊரின் பேர்பெற்ற சாக்லேட் கேக்கைச் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஷோன்ப்ரூன் அரண்மனைக்குக் கட்டாயம் போக வேண்டுமா, அல்லது பழைய நகருக்குள்ளேயே நாளைக் கழிக்கலாமா என்று முடிவு செய்ய முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – டான்யூப் கரை

வணக்கம். நான் இந்நகரில்தான் வசிக்கிறேன். உங்கள் நாள் வியாழக்கிழமையாக அமைந்தது மிகவும் நல்லதாயிற்று. கலை வரலாற்று அருங்காட்சியகம் மற்ற நாள்களில் மாலை 6 மணிக்கே மூடிவிடும். வியாழனன்று மட்டும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். அக்டோபர் நடுவில் 6 மணியளவில் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், ஓவியங்களை மாலைக்குத் தள்ளிவைத்துவிட்டுப் பகல் வெளிச்சம் முழுவதையும் தெருக்களுக்கே கொடுத்துவிடலாம்.

காலையில் ஸ்டெஃபன் பேராலயத்தில் தொடங்குங்கள். தெற்குக் கோபுரத்தில் ஏற 343 படிகள் உள்ளன. அது அம்மாவுக்கு வேண்டாம். வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு. 1711-ஆம் ஆண்டு, துருக்கியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்த பும்மெரின் என்னும் பெருமணி, 1945-இல் பேராலயம் தீப்பற்றியபோது கீழே விழுந்து நொறுங்கியது. அதன் உலோகத்தைக் கொண்டே 1951-இல் வார்க்கப்பட்ட புதிய மணி இப்போது இந்த வடக்குக் கோபுரத்தில்தான் தொங்குகிறது. மேலே நின்றால் பேராலயத்தின் செங்குத்தான கூரை கண்ணுக்கு மிக அருகில் வருகிறது. கீழிருந்து பார்க்கும்போது பாய் பின்னியதுபோல் தெரியும் அந்தக் கோலம், பச்சையும் மஞ்சளும் கறுப்புமாகப் பளபளக்கும் தனித்தனி ஓடுகளாக அங்கே பிரிந்து தெரியும்.

நண்பகல் 12 மணிக்குச் சற்று முன்பாக, சில நிமிட நடையில் இருக்கும் ஹோஹர் மார்க்ட் சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். இரண்டு கட்டடங்களை இணைக்கும் பாலத்தில் 1911-க்கும் 1914-க்கும் இடையே அமைக்கப்பட்ட ஆங்கர் கடிகாரத்தில், மணிக்கு ஒருவராக வரும் 12 வரலாற்று உருவங்களும் நண்பகலில் மட்டும் இசையோடு வரிசையாக ஊர்வலம் வரும். கட்டணம் இல்லை. பிறகு கிராபன், கோல்மார்க்ட் ஆகிய தெருக்கள் வழியாக ஹோஃப்பூர்க் அரண்மனையின் முற்றங்கள்வரை நடக்கலாம். பாதசாரிகளுக்கென்றே விடப்பட்ட சமதளத் தெருக்கள் அவை.

ஷோன்ப்ரூனை இம்முறை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. ஒரே நாளில் இரண்டு அரண்மனைகளையும் ஓர் அருங்காட்சியகத்தையும் திணித்தால், உங்கள் அம்மா ஆசைப்படும் அந்தக் காபி இல்லத்துக்கு அரை மணி நேரம்கூட மிஞ்சாது. வியன்னாவைப் பொறுத்தவரை அங்கே உட்கார்ந்திருப்பதும் ஊர் பார்ப்பதில் சேர்ந்ததுதான். காபி இல்லப் பண்பாட்டை ஆஸ்திரியா 2011-இல் தன் தேசிய மரபுப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது.

பதில் – பூங்காப் பிரியை

மேலே எழுதிய நண்பரின் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஷோன்ப்ரூனை முற்றிலும் விட்டுவிடச் சொல்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அரண்மனையில் 1,441 அறைகள் இருந்தாலும் பார்வையாளர்கள் காண்பது ஏறத்தாழ 40 அறைகளைத்தான். அதற்கும் நேரம் குறிப்பிட்ட நுழைவுச்சீட்டு வேண்டும். ஆறு வயது மொசார்ட் 1762-இல் பேரரசி மரியா தெரேசாவின் முன்னிலையில் வாசித்த அரண்மனை அது என்பதால் உள்ளே போக ஆசை வருவது இயல்பே. ஆனால் தோட்டத்துக்குக் கட்டணமே இல்லை, விடியற்காலையிலேயே திறந்துவிடுகிறார்கள். எட்டு மணிக்குப் போனால், பேருந்துகளில் கூட்டம் வந்து இறங்குவதற்கு முன், மஞ்சள் நிற அரண்மனையின் பின்புறத்திலிருந்து நெப்டியூன் நீரூற்றுவரை விரிந்து கிடக்கும் தோட்டத்தை அம்மா நிம்மதியாக நடந்து பார்க்கலாம். குன்றின் மேலுள்ள குளோரியட் மண்டபத்துக்கு ஏற வேண்டியதில்லை; கீழிருந்தே அழகாகத் தெரியும். யூ4 மெட்ரோவில் கார்ல்ஸ்பிளாட்ஸ் திரும்பி, அங்கே யூ1-க்கு மாறினால் அடுத்த நிறுத்தமே பேராலயம். பத்தரை மணிக்குள் வந்துவிடலாம்.

தாளில் வாங்கும் பயணச்சீட்டை முதல் பயணத்துக்கு முன் அங்குள்ள சிறிய பெட்டியில் செருகி முத்திரையிட வேண்டும். முத்திரை இல்லாத சீட்டுக்கு அபராதம் உண்டு.

பதில் – அடுமனை

அம்மாவின் கேக்கைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே! 1832-இல் இளவரசர் மெட்டர்னிக்கின் சமையற்கூடத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த 16 வயது ஃபிரான்ஸ் ஸாகர் உருவாக்கியதாகச் சொல்லப்படுவது ஸாகர் டோர்ட்டே. பிற்காலத்தில் ஸாகர் ஹோட்டலும், கோல்மார்க்ட் தெருவிலுள்ள டேமெல் இனிப்பகமும் ‘அசல்’ என்ற பெயர் யாருக்கு உரியது என்று நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக வழக்காடி, 1963-இல்தான் உடன்பாட்டுக்கு வந்தன. ஸாகர் ஹோட்டலின் கேக்கில் ஆப்ரிகாட் ஜாம் நடுவில் ஓர் அடுக்காகவும் சாக்லேட் பூச்சுக்கு அடியில் ஓர் அடுக்காகவும் இருக்கும். டேமெலில் பூச்சுக்கு அடியில் மட்டுமே. அந்தப் பூச்சு முள்கரண்டி பட்டதும் மெல்ல விரிசல் விட்டு உடையும். உள்ளிருக்கும் கேக் சற்று உலர்ந்த பதம். பக்கத்தில் வைக்கும் சர்க்கரை சேர்க்காத கடைந்த பாலேட்டை ஒவ்வொரு வாய்க்கும் தொட்டுச் சாப்பிட்டால்தான் இனிப்பு அளவாக இறங்கும். அதை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிடுபவர்கள்தான் பெரும்பாலும் கேக்கைக் குறை சொல்கிறார்கள்.

டேமெலில் கண்ணாடிக்குப் பின்னால் இனிப்புச் செய்வதை நின்று பார்க்கலாம், அம்மாவுக்குப் பிடிக்கும். ஆனால் நீண்ட நேரம் உட்கார அது ஏற்ற இடமன்று.

மதிய உணவில் ஓர் எச்சரிக்கை. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அது மாட்டிறைச்சிச் சாற்றில் செய்யப்பட்டிருக்கக்கூடும், கேட்டுக்கொண்டே வாங்குங்கள். பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லே (நூடுல்ஸ் போன்ற சிறு மாவுத் துண்டுகள்) பொதுவாகப் பொருந்தும். பன்றி இறைச்சித் துண்டுகள் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. கைசர்ஷ்மார்ன் என்பது தடித்த பேன்கேக்கைப் பிய்த்து, வெண்ணெயில் புரட்டி, மாவுச் சர்க்கரை தூவி, பிளம் பழக் கூழுடன் தருவது. இருவருக்கு ஒரு தட்டே மதிய உணவாகிவிடும். அதிலுள்ள உலர்திராட்சையைச் சில இடங்களில் ரம்மில் ஊறவைப்பார்கள் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வியாளர் – நெடுவழி

மிக்க நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். காலையில் தோட்டம், மாலையில் ஓவியம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். நடுவில் எந்தக் காபி இல்லத்தில் உட்காரலாம்? ஒரே ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முகம் சுளிக்க மாட்டார்களா?

பதில் – டான்யூப் கரை

சுளிக்க மாட்டார்கள். கஃபே சென்ட்ரல் 1876-இலிருந்து இருக்கிறது. அதன் வளைவுக் கூரை கண்கொள்ளாக் காட்சிதான், எனினும் வாசலில் வரிசை நிற்கும். நிதானமாக உட்கார வேண்டுமென்றால் கும்பென்டோர்ஃபர் தெருவிலுள்ள கஃபே ஷ்பெர்லைச் சொல்வேன். 1880-இல் திறந்தது, பழைய மெத்தை இருக்கைகளும் பில்லியர்ட்ஸ் மேசைகளும் அப்படியே இருக்கின்றன. மெலாஞ் என்னும் காபியைக் கேளுங்கள், நுரை ததும்பும் பாலோடு வரும். வெள்ளித் தட்டில் காபிக் கோப்பையும், பக்கத்தில் சிறு குவளைத் தண்ணீரும் வைப்பார்கள். அது ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து 1873 முதல் குழாய்வழி நகருக்கு வரும் நீர், தயங்காமல் குடிக்கலாம். அசல் ஸாகர் கேக்தான் வேண்டுமென்றால் அதை ஹோட்டலிலேயே சாப்பிட வேண்டும். அங்கே முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்கும்வரை கணக்குச் சீட்டு வராது. பணம் தரும்போது, பத்தில் ஒரு பங்குவரை அன்பளிப்புச் சேர்த்து மொத்தத் தொகையை வாயாலேயே சொல்லிவிடுவது இங்கே வழக்கம்.

ஷ்பெர்லிலிருந்து அருங்காட்சியகம் பத்து நிமிட நடைதான். உள்ளே லிஃப்ட் உண்டு. மேல்மாடியில் ஓவியர் புரூகலின் அறைக்கு முதலில் செல்லுங்கள்: 1563-இல் வரைந்த பாபேல் கோபுரமும் 1565-இல் வரைந்த பனியில் வேட்டைக்காரர்களும் உட்பட, அவருடைய ஓவியங்கள் இவ்வளவு எண்ணிக்கையில் ஒரே கூரையின் கீழ் வேறெங்கும் இல்லை. கூடங்களின் நடுவே அகலமான இருக்கைகள் போட்டிருப்பதால் அம்மா உட்கார்ந்தபடியே பார்க்கலாம்; ஏழரை மணிக்குப் பிறகு கூட்டம் நன்றாகக் குறைந்திருக்கும்.