மறுமொழி: 'சைக்கலாஜிக்கல் சேஃப்டி' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> 'உளப் பாதுகாப்பு' இருக்கிறதே, எதற்கு வேறு சொல்?

அது போதாது என்பது என் கருத்து. 'பாதுகாப்பு' என்றதும் நம்மவர் மனத்தில் வருவது தலைக்கவசமும் காவலாளியும். முன்னால் 'உள' சேர்ந்தால் மனநல ஆலோசனை என்றாகிவிடும். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 'சைக்கலாஜிக்கல் சேஃப்டி' என்று 1999 ஆய்வுக்கட்டுரையில் சொன்னது இரண்டுமில்லை. ஒரு தொழில் நிறுவனத்தின் 51 குழுக்களைப் பார்த்து எழுதியது அது. சந்தேகம் கேட்டாலோ, தவறை ஒப்புக்கொண்டாலோ, மறுத்துப் பேசினாலோ இங்கே யாரும் மட்டம் தட்ட மாட்டார்கள் என்று குழுவில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் நம்பிக்கையைத்தான் அவர் குறிக்கிறார்.

அந்தப் 'பொதுவாக' முக்கியம். 'பேச்சுத் துணிவு', 'அஞ்சாமை' என்று வைக்கலாமே என்றால், அவை இரண்டும் தனியாள் குணங்கள். துணிச்சல்காரன் எங்கேயும் பேசிவிடுவான். கூச்சப்படுகிறவனும் பேசுகிறானா என்று பார்க்க வேண்டும். தவறைக் கண்டித்துச் சொல்வதைக் குறிக்கும் 'இடித்துரை' அருமையான பழஞ்சொல். ஆனால் தெரியாததைக் கேட்பது அதில் அடங்காது.

கப்பலூர்ப் பக்கம் நான் தர ஆய்வு பார்க்கும் பட்டறையில் இரண்டு ஷிப்ட். ஒன்றில், பயிற்சிக்கு வந்து கொஞ்ச நாளே ஆன டிப்ளமோ பையன் மைக்ரோமீட்டரைத் துடைத்து மறுபடி அளந்து பார்க்கிறான். "அண்ணே, சைஸ் ஏறிக்கிட்டே வருதுண்ணே. டிப் தேஞ்சிருக்குமோ?" ஆபரேட்டர் மிஷினை நிறுத்தி, வெட்டும் முனையான டிப்பை மாற்றுகிறார். "நல்லவேளை சொன்னடா." அடுத்த ஷிப்டில் அதே வயதுப் பையன் அளவெடுத்து ஏட்டில் எழுதிவிட்டுச் சும்மா நிற்கிறான். "வந்து நாலு நாள் ஆகல, எனக்கே சொல்லித் தர்றியா?" என்று ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டவன். அன்று ஒரு பெட்டி முழுக்க ரிஜெக்‌ஷன். இரண்டு பேருக்கும் படிப்பு ஒன்று, சுபாவமும் ஏறக்குறைய ஒன்று. ஒருவனுக்குச் சொல்ல இடம் இருந்தது, மற்றவனுக்கு இல்லை.

ஆகவே என் பரிந்துரை: சொல்லிடம். 'பேச இடம் கொடுக்கவில்லை', 'சந்தேகத்துக்கு இடமில்லை' என்று அன்றாடம் புழங்கும் அதே இடம்தான். ஆளைச் சுட்டாமல் சூழலைச் சுட்டுகிறது, கூடும், குறையும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். மருத்துவமனைகளில் எட்மண்ட்சன் முன்பு செய்த ஆய்வில், நல்ல தலைமை வாய்த்த பிரிவுகளில்தான் மருந்துப் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. சொல்லிடம் இருந்ததால் பிழைகள் வெளியே வந்தன என்பது அவர் விளக்கம். நல்ல குழுவுக்கு எது காரணம் என்று அறியக் கூகுள் 2012இல் தொடங்கிய அரிஸ்டாட்டில் திட்டம் 180 குழுக்களை ஆராய்ந்தது; சிறந்த குழுக்களின் இயல்புகளில் முதலிடம் சொல்லிடத்துக்கே. இரண்டிலும் சொல் உறுத்தாமல் உட்காருகிறது.

சொல்லிடம் கொடுத்தால் வேலையில் பிடி தளர்ந்துவிடும் என்று மேலாளர்கள் அஞ்சலாம். தரத்தில் கறார் வேறு, சொல்லிடம் வேறு என்று எட்மண்ட்சனே பிரித்துக் காட்டியிருக்கிறார்; இரண்டும் உயர்ந்திருக்கும் குழுதான் கற்றுக்கொண்டே போகிறது. 'பாதுகாப்பு' என்ற சொல் அந்த அச்சத்துக்குத் தீனி போடும், மெத்தனத்துக்குச் சலுகை போலக் கேட்கும்.

பெயரடைதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 'சொல்லிடக் குழு' என்றால் 'சொல்லிட' என்ற வினையெச்சம் போல ஒலிக்கிறது. 'சொல்லிடமுள்ள குழு' சரி, ஆனால் தலைப்புகளுக்கு நீளம். இலக்கணம் அறிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.