அக்டோபர் 31, தாத்தாவின் வேட்டி

சர்ஜாபூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வெளிநாட்டுப் பண்டிகைகளைக் கொண்டாடினால் நம் கலாசாரம் அழிந்துவிடுமா என்று பெங்களூர்த் தமிழர்கள் நாலு பேர் சேர்ந்தாலே பேச்சு வருகிறது. வாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அவரவர் வீட்டில் நடந்ததை எழுதினால் என்ன என்று தோன்றியது. முதலில் நான்.

இந்த 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன, அக்டோபர் 31. பிள்ளைகள் சாயங்காலம் பேய் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள் என்று எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குழுவில் ஒரு வாரம் முன்பே அறிவிப்பு வந்தது. படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி உடுத்துகிற நாளில் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு வாசலில் வந்து நிற்பதா? குழுவில் நீளமாக எழுதினேன். இப்படியே போனால் நம்முடையது எது என்றே நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும் என்று எழுதினேன். பத்துப் பேர் கைதட்டல் போட்டார்கள். இரண்டு பேர் குழுவை விட்டே போனார்கள்.

அன்று விடிகாலை நாலு மணிக்கு மகளை எழுப்பி, மிளகு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நானே தேய்த்துவிட்டேன். அவளுக்கு எட்டு வயது. கண் எரிகிறது என்று அழுதாள், சீயக்காய் போனதும் சிரித்தாள். ஊரிலிருந்து போன் மேல் போன், "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று. எல்லாம் முறைப்படி நடந்தது.

சாயங்காலம் ஆறரை மணிக்கு அவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி, கண்ணுக்கு மட்டும் இடைவெளி விட்டு ரப்பர் பேண்டால் கட்டியிருந்தாள். கீழே ஒரு சாண் துணி தரையில் புரண்டது. பச்சைக் கரை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, என் அப்பாவின் வேட்டி. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அவருடைய நாலு வேட்டிகளைப் பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். நாற்காலி போட்டு ஏறி எடுத்திருக்கிறாள்.

"யாரைக் கேட்டு எடுத்தே?" என்று கத்திவிட்டேன். துணிக்குள்ளிருந்து சன்னமாகக் குரல் வந்தது. "தாத்தாதான்பா இன்னிக்கு வருவாரு. செத்துப்போனவங்க எல்லாரும் வர்ற நாளாம். ஸ்கூல்ல சொன்னாங்க."

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. செத்துப்போனவர்கள் வருகிற நாள் நமக்கும் உண்டே. மகாளய அமாவாசை. இந்த வருஷம் அது அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி, எனக்கு ஆபீஸ் லீவு. லீவு கிடைத்ததே என்று அன்று நாங்கள் நந்தி மலைக்குப் போயிருந்தோம். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. எந்த வெளிநாட்டுப் பண்டிகையும் அன்று குறுக்கே வரவில்லை.

அதற்குள் வாசலில் மணி அடித்தது. ஐந்தாறு குட்டிப் பேய்கள், கையில் வாளி. வீட்டில் சாக்லேட் இல்லை. என் மனைவி யோசிக்கவே இல்லை. ரிப்பன் பக்கோடா, மைசூர்பாக்கு எல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு சுண்டைக்காய் அளவு தீபாவளி லேகியத்தை உருட்டி வாயில் போட்டாள். ஒரு பையன் முகமூடியைக் கழற்றிவிட்டு "ஆண்ட்டி, காரம்!" என்று இருமினான். அப்புறம் அவனே இன்னொரு உருண்டை கேட்டான்.

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 2, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா லீவு கேட்டிருந்தார். கோலார் தங்கவயல் பக்கத்துத் தமிழர், கத்தோலிக்கர். "கல்லறைத் திருநாள் சார். கல்பள்ளியில அம்மா கல்லறை இருக்கு. கழுவிச் சுண்ணாம்பு அடிச்சு, பூ வெச்சு மெழுகுவத்தி ஏத்தணும்" என்றார். வருஷா வருஷம் போகிறாராம். இவ்வளவு நாளாக எனக்குத் தெரியாது. ஹாலோவீன் என்பது நவம்பர் 1 அன்று வரும் அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தின ராத்திரி. அதற்கு மறுநாள் கல்லறைத் திருநாள். மூன்றும் ஒரே தொடர்ச்சி. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற பழைய நாள் ஒன்றும் இதில் கலந்திருக்கிறது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், அமெரிக்காவுக்குப் போனபின் அது பூசணியாயிற்று. நான் குழுவில் அந்நியம் என்று திட்டிய பண்டிகையின் அடுத்த பாதியை, என் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்கா தமிழிலேயே கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

குழுவில் எழுதியதை எடுத்துவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை. உங்கள் வீட்டில் நடந்தது எதுவானாலும் எழுதுங்கள்.

அல்சூர் ஏரிக்கரை:

தம்பி, படித்துக் கண் கலங்கிவிட்டேன். எனக்கு எழுபது நெருங்குகிறது, பிறந்ததே இங்கேதான். எங்கள் வீடு முருகன் கோயில் வீடு. ஆனால் எனக்கு நாலு வயதில் விஷக்காய்ச்சல் வந்தபோது அம்மா சிவாஜி நகர் மாதா கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். அதிலிருந்து ஆகஸ்ட் 29 கொடியேற்றம் என்றால் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. செப்டம்பர் 8 தேருக்குக் குடும்பத்தோடு போவோம். சேலை கட்டிய மாதா, காவி உடுத்தி நடந்து வருகிற கூட்டம், மல்லிகைப்பூ, நேர்த்திக்கடன். அம்மாவிடம் யாராவது போய் இது வெளிநாட்டுப் பண்டிகை என்று சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்தே இருக்காது. அதே அம்மாதான் ஆடிக் கிருத்திகைக்கு எங்களுக்குக் காவடி கட்டினாள். ஒன்று வந்ததால் ஒன்று போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடையாளத்துக்கு ஆபத்து என்று ஒருவர் கிளம்பினால் என்ன ஆகும் என்று எங்கள் பகுதிக்குத் தெரியும். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991-இலேயே தயார். எதிர்ப்பால் திறக்க முடியாமல் 18 வருஷம் மூடியே நின்றது. துணியும் சாக்கும் சுற்றிய அந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ நாள் காலையில் நடந்திருக்கிறேன். 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள், நாலு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். வள்ளுவர் வெளியே வந்ததால் கன்னடத்துக்கு ஒரு எழுத்துக் குறையவில்லை. மூடிக்கிடந்த வருஷங்கள்தான் எங்களுக்கு வலி. அதனால், எவன் வீட்டுப் பண்டிகையையும் வாசலில் நிறுத்தி விசாரிக்க எனக்கு மனசு வராது.

பி.டி.எம். லேஅவுட் வாசகி:

என்னுடையது வேறு மாதிரி. 2009 ஜனவரி 24, கலாசாரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு கூட்டம் மங்களூரில் ஒரு மதுக்கூடத்துக்குள் புகுந்து பெண்களை அடித்தார்களே, அந்த வருஷம் நான் இங்கே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். காதலர் தினத்தன்று வெளியே ஜோடியாகப் பார்த்தால் கல்யாணம் செய்துவைப்போம் என்று வேறு மிரட்டல். பிப்ரவரி 14 அன்று என் சொந்த அண்ணன் என்னை டியூஷனில் இருந்து ஸ்கூட்டரில் கூட்டி வந்தான். ஜெயநகர்ப் பக்கம் ஒரு பார்க் ஓரமாக இளநீர் குடிக்க நிறுத்தினோம். நாலு பேர் வந்து "யாரு இவனு?" என்றார்கள். அண்ணன் என்று சொன்னால் நம்பவில்லை. அவன் லைசென்ஸில் இருந்த அப்பா பெயரையும் என் கல்லூரி அட்டையில் இருந்த அப்பா பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். அண்ணன் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. இளநீரைக் குடிக்காமலே வந்துவிட்டோம்.

ரோஜாப்பூவும் வாழ்த்து அட்டையும் என்னை ஒருநாளும் பயமுறுத்தியதில்லை. கலாசாரத்தைக் காப்பாற்ற வந்தவர்கள் பயமுறுத்தினார்கள். 2023-இல் விலங்குகள் நல வாரியம் பிப்ரவரி 14 அன்று பசுவைக் கட்டிப்பிடியுங்கள் என்று அறிவித்துச் சில நாளிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கும். திண்டிவனம் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் மாட்டுக்கென்று ஒரு நாள் உண்டு, தை இரண்டு. குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, பொங்கலும் வாழைப்பழமும் ஊட்டுவார். அந்த நாளைக் கேட்டால் என் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. இங்கே சங்கராந்திக்கு லீவு உண்டு, மறுநாள் பள்ளிக்கூடம். அவர்களை ஊருக்குக் கூட்டிப்போகாத குறை என்னுடையது, அதைக் காதலர் தினத்தின் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டி:

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபீஸில் எங்கள் குழுவில் ஜப்பான்காரர்கள் அதிகம், நானும் அங்கே இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். ஆனால் கிறிஸ்துமஸ் ராத்திரி ஊரே வறுத்த கோழியும் ஸ்ட்ராபெர்ரி கேக்கும் சாப்பிடுகிறது. கோழி தின்பது, அதை விற்கிற கம்பெனி 1974-இல் செய்த விளம்பரம் ஆரம்பித்து வைத்த பழக்கம். காதலர் தினத்தில் பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் தருவார்கள், பதில் மரியாதைக்கு மார்ச் 14 என்று அவர்களே ஒரு நாளை உண்டாக்கிக்கொண்டார்கள். அதே ஜனங்கள் புத்தாண்டுக்குக் குளிரில் கோயில் வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் புத்தாண்டு ஜனவரி 1-க்கு வந்தது கடைக்காரனால் இல்லை, 1873-இல் அரசாங்கமே பழைய நாட்காட்டியைத் தூக்கிப்போட்டதால்.

நம் கதையையும் பாருங்கள். 2008-இல் தமிழ்ப் புத்தாண்டைத் தை முதல் நாளுக்கு மாற்றிச் சட்டம் போட்டார்கள், 2011-இல் ரத்து செய்தார்கள். இடையில் அந்த வருஷங்களிலும் எங்கள் அம்மா சித்திரை ஒன்றுக்கு மாங்காய், வேப்பம்பூ, வெல்லம் போட்டுப் பச்சடி கிண்டிக்கொண்டுதான் இருந்தாள். அம்மா போனபின் எங்கள் வீட்டில் பச்சடி இல்லை. மேல்வீட்டுக் கன்னட மாமி யுகாதிக்குக் கொடுக்கிற பேவு பெல்லம், அதாவது வேம்பும் வெல்லமும்தான் எங்களுக்கு அந்த ருசியை நினைவுபடுத்துகிறது.

சர்ஜாபூர்க்காரன்:

ஒரு வருஷம் கழித்து மறுபடி எழுதுகிறேன். அல்சூர் ஐயா, நீங்கள் நலம்தானே?

இந்த முறை மகாளய அமாவாசை செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. தர்ப்பணம் முடித்து, மனைவி வாழைக்காய், பாகற்காய், பாசிப்பருப்புப் பாயசம் எல்லாம் செய்தாள். காக்கைக்குச் சோறு வைக்கப் போனால் பால்கனி முழுக்கப் புறா வலை. மொட்டைமாடிச் சாவி செக்யூரிட்டியிடம். அவரைத் தேடிப்பிடித்துச் சாவி வாங்கி மேலே போய், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் இலையை வைத்தோம். முதலில் புறாக்கள்தான் வந்தன. மகள் கையை வாயருகே குவித்து "கா, கா" என்று தாத்தா கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். கால்மணி நேரம் நின்றோம். வெயில் உறைத்தது. அப்புறம் ஒரு காக்கை வந்து, பாயசத்தை விட்டுவிட்டு அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. "தாத்தாவுக்கு அப்பளம்தான்பா பிடிக்கும்" என்றாள்.

அக்டோபர் 31-க்கு இந்த வருஷமும் வெள்ளைத் துணி கேட்டாள். என் வேட்டி ஒன்றைக் கொடுத்தேன். அப்பாவுடையது பீரோவில் இருக்கிறது.