கோட் பார்த்துப் பிழை சொல்லித்தர ஆரும் இருக்கிறீங்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் கொக்குவிலில இருந்து எழுதுறன். டவுனில ஒரு சின்னக் கொம்பனியில சொஃப்ட்வெயர் எஞ்சினியரா சேர்ந்து 7 மாசம்.

புதுசு புதுசா புரோகிராம் எழுதுறதுதான் இந்த வேலை எண்டு கம்பசில நினைச்சிருந்தன். இங்க முக்கால்வாசி நேரம் மற்றவை எழுதின பழைய கோடை வாசிக்கிறதிலதான் போகுது. போன கிழமை ஒரு பில்லில சதக்கணக்கு பிழைச்சுது. மூண்டு நாள் தேடினன். ஜாவா மொழியில காசை டபிள் எண்ட தசம எண் வகையில வச்சிருந்ததுதான் காரணம். 0.1ஐயும் 0.2ஐயும் அப்பிடிக் கூட்டினா சரியா 0.3 வராது எண்டு படிச்சிருந்தும் எனக்குக் கண்ணில படேல்லை. தசமத்தைப் பிசகாமல் வச்சிருக்கிற பிக்டெசிமல் வகைக்கு மாத்தினது நாலே நாலு வரி. ஆனா அந்தப் பிழை திரும்ப வந்தா காட்டிக்குடுக்கிற டெஸ்ட் கோட் எழுதத் தெரியாமல் நிண்டன்.

லண்டன் ஆக்களோட மீட்டிங் எங்களுக்கு மத்தியானம் 1.30க்கு, அங்க குளிருக்கு மணிக்கூட்டைப் பின்னுக்கு வச்சா 2.30க்கு. செய்த வேலையை இங்கிலீசில விளக்கவேணும். அதுவும் எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

எங்கட டீமில மூத்தவர் வெளிநாடு போயிட்டார். கிழமைக்கு ஒரு மணித்தியாலம், கோட் போட்டு வைக்கிற கிட்ஹப் தளத்தில என்ர கோடைப் பார்த்து, எது பிழை, ஏன் பிழை எண்டு சொல்லித்தர முடியுமா? ஸ்பிரிங் பூட் (ஜாவாவில வெப் வேலைக்குப் பாவிக்கிற கட்டமைப்பு) தெரிஞ்சவை எண்டா நல்லம். கொழும்போ கனடாவோ, உங்களுக்கு வசதியான நேரத்தில சூமில வாறன். என்னோட சேர்ந்த ரெண்டு பிள்ளையளும் பழக ஆசைப்படுகினம்.

ஏலுமானவை கீழ ஒரு சொல்லுப் போடுங்கோ, நானே மெசேஜ் பண்ணுறன்.